நறுமுகைக்கு இரண்டாவதாக என்ன பெயர் வைக்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. நறுமுகை என்று பெயர் முடிவாகிவிட்டது, அதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். கூட ஒரு பெயர் சேர்க்க வேண்டும் என்பதில்தான் இழுபறி. அவருடைய அம்மாவுக்குச் சுகவனேசுவரர் கோயில் சொர்ணாம்பிகை மேல் உயிர். அந்தப் பெயர்தான் வரவேண்டும் என்கிறார். மனைவிக்கு ஊர் ஏற்காடு. அவரை வளர்த்து ஆளாக்கிய அம்மாயி (அம்மாவின் அம்மா) காவேரி போன வருடம் இறந்துவிட்டார். அம்மாயி பெயர் பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. ஜோசியரோ அஸ்த நட்சத்திரம், எழுத்து பூ, ஷ, ண, ட என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கு நடுவில் தம்பிக்கு வேலை விஷயமாக வெளிநாடு போகும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஒற்றைப் பெயராக இருந்தால் விசாவுக்குச் சிக்கல் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது, என்ன பெயர் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்தவள் நான். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஐம்பது அறுபது பெயர்களை வாய்விட்டு வாசிப்பதுதான் நாளின் முதல் வேலை. எந்தப் பெயர் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும், எது தட்டும், எந்தப் பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை நிமிர்ந்து "உள்ளேன் அம்மா" என்பாள், எதற்குக் குரலைத் தாழ்த்துவாள் என்பதெல்லாம் அப்படிப் பழகியதுதான். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி, பெயரைத் தேடுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். இந்த இரண்டாவது பெயருக்கு என்ன வேலை? படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் புதுப் பெயரே வேண்டாம், உங்கள் பெயரையோ மனைவி பெயரையோ பின்னால் எழுதினால் போதும். ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது வேறு கதை. நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டாவதுதான் உங்கள் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. படிவத்தின் பயம் அதை அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இரண்டு பெயர் என்பது புதிதும் இல்லை. சங்கப் புலவர்களில் பெண்களின் பெயர்களைப் பாருங்கள். ஒக்கூர் மாசாத்தியார், அள்ளூர் நன்முல்லையார், வெண்ணிக் குயத்தியார். ஊர் முன்னால் நிற்கிறது, அவர்கள் பின்னால் வருகிறார்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று ஒருவர். நச்செள்ளை அவருடைய பெயர், காக்கையைப் பாடியதால் மற்றது வந்து சேர்ந்துகொண்டது. கூட வந்த பெயர் எதுவும் வெறும் அலங்காரமாக வரவில்லை. எந்த ஊர், என்ன செய்தாள் என்று அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. ஏற்காட்டிலும் சேலத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றைக்கும் பார்க்கலாம்: ஞானஸ்நானத்தில் ஒரு புனிதரின் பெயர், வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர். இரண்டுக்கும் தனித்தனி வேலை இருப்பதால் இரண்டும் நிலைத்திருக்கின்றன.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்று பொருள். மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று ஒரு காலம் இருந்ததே, அப்போது பாட்டி பெயரை வைத்த குழந்தையை எப்படித் திட்டுவது, எப்படிக் கூப்பிடுவது? அதனால்தான் பாப்பா, கண்ணு, தங்கம் என்று வீட்டுக்கு ஒரு கூப்பிடு பெயர் பிறந்தது. என் வகுப்பில் பதிவேட்டில் ஒரு பெயரும் தெருவில் வேறு பெயருமாக இருந்த பிள்ளைகள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆகவே உங்கள் மனைவியின் ஆசை இந்த மண்ணின் பழைய வழக்கத்தைத்தான் கேட்கிறது. அதற்கு முதல் இடம் கொடுங்கள் என்பது என் கருத்து.

அடுத்தது ஓசை. எல்லோரும் பொருளைத்தான் பார்க்கிறார்கள். பெயரில் பாதி ஓசைதான் என்பது மறந்துபோகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது என்ன செய்கிறோம்? எடை போடுவதற்கு முன்பே காதருகே கொண்டுபோய் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கிறோம். ஜோடியில் ஒன்றின் மணி மந்தமாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். பெயர்களையும் அப்படி ஜோடியாக ஆட்டித்தான் பார்க்க வேண்டும்.

நறுமுகை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நறு, முகை, இரண்டும் நிரையசை. யாப்பில், அதாவது பாட்டின் அசைக்கணக்கில், இதற்குக் கருவிளம் என்று பெயர். கடைசியில் இருக்கிற ஐகாரம்கூடப் பேச்சில் குறுகித்தான் ஒலிக்கிறது. நான்கு எழுத்தும் சின்னப் பிள்ளை படியிறங்குவதுபோலத் தடதடவென்று ஓடுகின்றன, நடுவில் நிற்க இடமே இல்லை. அழகான ஓட்டம்தான். ஆனால் இதற்குப் பின்னால் வருகிற பெயர் காலை ஊன்றி நிற்க வேண்டும். அதுவும் ஓடினால் இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்கும்.

இப்போது உங்கள் அம்மா கேட்பதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நறுமுகை சொர்ணாம்பிகை. முகை, பிகை என்று இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. பாட்டில் இது இயைபு, கேட்க இனிக்கும். பெயரில் தினமும் கேட்டால் விளையாட்டுப் பாட்டுப்போல ஆகிவிடும், பிள்ளைகள் அதைத் தாளம் போட்டுச் சொல்லுவார்கள். இரண்டாவது, நீளம். சொர்ணாம்பிகை அம்மனுக்கு நிற்கிற கம்பீரமான பெயர். ஆனால் இவ்வளவு நீளமான பெயரை நறுமுகைக்குப் பின்னால் வைத்தால் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதத்தில் அது சொர்ணா ஆகிவிடும்.

சரி, மனைவி கேட்பது. நறுமுகை காவேரி. தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வாசலில் நின்று வேகமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கையும் காவும் ஒட்டிக்கொண்டு "நறுமுகைக்கா வேரி" என்று விழும். "நறுமுகைக்கா?" என்று யாரோ எதையோ கேட்பதுபோல இருக்கும். தனித்தனிப் பெயர் என்பதால் எழுத்தில் ஒற்று வராது. ஆனால் வாய்க்கு இலக்கணம் தெரியாது, அது தன் வசதிக்குச் சேர்த்துவிடும். முதல் பெயரின் கடைசி எழுத்தும் அடுத்த பெயரின் முதல் எழுத்தும் சந்திக்கிற இடத்தை இப்படி ஒருமுறை சோதிக்காமல் எந்தப் பெயரையும் வைக்காதீர்கள். உயிரெழுத்தில் தொடங்கினாலும் இதே கதைதான். நறுமுகை அமுதா என்பது இரண்டு நாளில் நறுமுகையமுதா ஆகி, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும்.

பொருளையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். நறு என்றால் மணம், முகை என்றால் விரியப்போகிற மொட்டு. ஆகவே மலர், பூவிழி எல்லாம் பக்கத்தில் வந்தால் சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும். பூவிலிருந்து விலகி, நீர், ஒளி, மண், பொன் என்று வேறு பக்கம் போனால் முகைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்து இரண்டு நாள் யோசித்தேன். அம்மா கேட்பது சொர்ணம். சொர்ணம் என்றால் பொன். அம்மாயி பெயர் காவேரி. காவிரிக்கு நம் முன்னோர் வைத்த இன்னொரு பெயர் பொன்னி. உங்கள் அம்மாவும் மனைவியும் கேட்கிற பெயர்கள் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, தம்பி! நறுமுகை பொன்னி.

சொல்லிப் பாருங்கள். கையில் திறந்த வாய் பொவில் மூடிக்கொள்கிறது. உதடு சேர்வதால் இரண்டு பெயரும் தெளிவாகப் பிரிந்து கேட்கும், எவ்வளவு வேகமாகக் கூப்பிட்டாலும் ஒட்டாது. பொன் என்ற இடத்தில் ஒற்றில் ஒரு நொடி நிற்கிறோம் பாருங்கள், நான் கேட்ட ஊன்றுதல் அதுதான். யாப்பில் சொன்னால் நறுமுகை என்கிற கருவிளம் ஓடிவர, பொன்னி என்கிற தேமா நிறுத்துகிறது. முன்னது நீளம், பின்னது குட்டை. கோபத்தில் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடும் அம்மாவுக்கும் வசதி, தொட்டிலில் இழுத்துப் பாடும் பாட்டிக்கும் வசதி.

உங்கள் மனைவி இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். குனிந்து அந்தக் குகைக்குள் போனால் சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருப்பது காவேரி அம்மன். அந்தக் குகை காவிரி பிறக்கிற இடம்வரைக்கும் போகிறது என்று மலையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. மலைமேல் ஒரு பாட்டிக்குக் காவேரி என்று பெயர் இருந்தால் அது சும்மா வந்திருக்காது, அந்த அம்மனை நினைத்து வைத்திருப்பார்கள். கீழே இறங்கினால் மேட்டூரில் 1934 முதல் அணையில் நிற்பதும் அதே ஆறு. ஆடிப் பதினெட்டுக்குச் சேலத்தில் பாதிக் குடும்பங்கள் அங்கேதான் போய் முழுகிவிட்டு வருகின்றன. மலையில் காவேரியாகவும் சமவெளியில் பொன்னியாகவும் ஒரே அம்மா. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பெயர் சூட்டும் அன்று அம்மாயியின் படத்தை வைத்து, குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லும்போது ஒருமுறை காவேரி என்றும் சொல்லச் சொல்லுங்கள். அதைத் தடுக்க எந்தச் சாஸ்திரமும் இல்லை.

அப்படியும் "எனக்குக் காவேரி என்ற அந்த ஓசையேதான் வேண்டும்" என்று அவர் சொன்னால், விட்டுவிடுங்கள், வாதாட வேண்டாம். வளர்த்தவளை இழந்த ஒரு பெண்ணின் ஆசை என் யாப்பிலக்கணத்தைவிடப் பெரியது. அப்போது வரிசையை மாற்றுங்கள். காவேரி நறுமுகை. இதில் ஒட்டல் இல்லை, கேட்க நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, முன்னால் எழுதுகிற பெயரைத்தான் வெளிநாட்டில் கூப்பிடுவார்கள். அங்கே பள்ளியில் அவள் காவேரியாகத்தான் இருப்பாள்.

பொன்னி என்றால் அரிசிதானே என்று யாராவது சொல்வார்கள், கண்டிப்பாகச் சொல்வார்கள். பள்ளியிலும் ஒரு வாரம் கிண்டல் இருக்கும். முப்பத்தோரு வருடம் பார்த்ததில் சொல்கிறேன், பெயரின் பொருளை வைத்துச் செய்கிற கிண்டல் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துவதில்லை, சீக்கிரம் சலித்துவிடும். காயப்படுத்துவது வேறு. என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அப்பா பெயர் சீனிவாசன். தமிழில் முதலெழுத்து 'சீ'. ஒவ்வொரு முறை பெயர் சொல்லும்போதும் அந்த 'சீ'யில் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்பே அவள் தலை குனிந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை. அதைக் கவனிக்க எனக்கே ஒரு பருவம் ஆனது. பிறகு அவள் அம்மாவை வரவழைத்துப் பேசி, அம்மாவின் முதலெழுத்தையும் முன்னால் சேர்த்துச் சொல்லப் பழக்கினோம். ஆகவே முதலெழுத்தோடு சேர்த்து, தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டபின் இது இன்னும் முக்கியம்.

ஜோசியர் எழுதிக் கொடுத்த எழுத்து. அஸ்தத்தின் நான்கு பாதத்துக்கும் பூ, ஷ, ண, ட. இதில் ணகரமும் டகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரவே வராது, ஷ வடவெழுத்து. மிச்சம் இருப்பது பூ ஒன்றுதான். நறுமுகையைக் கையில் வைத்துக்கொண்டு பூவை எங்கே தேடுவது? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவுக்கு ஏழு பருவம் சொல்வார்கள். அதில் மூன்றாவதுதான் உங்கள் பெண். வீட்டில் பூ என்று கூப்பிடுங்கள், பூவம்மா என்று கூப்பிடுங்கள். நட்சத்திர எழுத்து தினமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சான்றிதழில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. இதைச் சொல்லியே பல வீட்டில் சண்டையை நிறுத்தியிருக்கிறேன்.

வேறு பெயர்களோடு இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் பெயர் கயல், யாழ், நிலா என்று குட்டையாக இருந்தால் நான் சொன்னதைத் தலைகீழாக்குங்கள், பின்னால் நீளமான பெயர் வரட்டும். கயல் மணிமேகலை, யாழ் செண்பகவல்லி என்பதெல்லாம் மெல்ல விரிகிற பெயர்கள். முதல் பெயர் மித்ரா, தியா என்று ஆகாரத்தில் முடிந்தால், இரண்டாவதும் ஆகாரத்தில் முடிய வேண்டாம். வடமொழிப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயர் வரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வரலாம், மித்ரா செந்தாமரை என்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பாட்டி பெயர் பழசாக இருக்கிறது, எப்படி வைப்பது என்பதுதான் அதிகம் பேர் கேட்பது. சேலத்தில் கோட்டை மாரியம்மனால் எத்தனையோ பாட்டிகள் மாரியம்மாள், மாரியாயி. அம்மாளை எடுத்துவிடுங்கள், மாரி என்றால் மழை. இனியா மாரி, அகல்யா மாரி, எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது! பொன்னம்மாள் என்றால் பொன், முத்தம்மாள் என்றால் முத்து, செல்லம்மாள் என்றால் செல்லம். எல்லாவற்றிலும் அம்மாளுக்கு முன்னால் ஒரு நல்ல சொல் உட்கார்ந்திருக்கிறது. குப்பம்மாள் என்று பாட்டி பெயர் இருந்தால் வெட்கப்படாதீர்கள். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், இந்தக் குழந்தையாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து வைத்த பெயர் அது. அப்படியே வைக்க முடியாவிட்டாலும், அந்தக் கதையைப் பேத்திக்குச் சொல்லி வளர்க்க வேண்டும். அந்தப் பெயரின் அர்த்தத்தை எடுத்து 'உயிர்' பொருள் வரும்படி ஒரு பெயர் வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அப்புறம் காகித வேலை. இதில் பயப்பட ஒன்றும் இல்லை, கவனம்தான் வேண்டும்.

நம் கடவுச்சீட்டில் நடுப் பெயர் என்று ஒரு கட்டமே கிடையாது. இரண்டே இடம்: குடும்பப் பெயர், இட்ட பெயர். நறுமுகை பொன்னி இரண்டையும் இட்ட பெயரில் எழுதுங்கள், குடும்பப் பெயர் இடத்தில் உங்கள் பெயரை விரிவாக எழுதுங்கள். அங்கே முதலெழுத்து மட்டும் போட்டுவைக்கக் கூடாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், பெயர் இடத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கமாக மூன்று ஆங்கில எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா, வருகை விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு அதில் சில தளர்வுகள் வந்தன. உங்கள் அலுவலக நண்பர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் கவனியுங்கள், உங்கள் பெயரைப் பின்னால் எழுதினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பொன்னியை விசாவுக்காக வைக்கவில்லை, அம்மாயிக்காக வைக்கிறீர்கள்.

நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கடவுச்சீட்டில் படத்துக்குக் கீழே இயந்திரம் படிக்கிற இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக்குமாக 5 போக, பெயருக்குக் கிடைப்பது 39. நறுமுகை ஆங்கிலத்தில் 9 எழுத்து, பொன்னி 5, நடுவில் ஓர் இடம், குடும்பப் பெயரையும் இட்ட பெயரையும் பிரிக்க 2. மொத்தம் 17. உங்கள் பெயருக்கு 22 இடம் மிச்சம், தாராளம். சொர்ணாம்பிகை என்றால் அதற்கே 11. அப்போது உங்கள் பெயர் 16 எழுத்தைத் தாண்டினால் ஏதோ ஒன்றை வெட்ட வேண்டி வரும்.

எழுத்துக்கூட்டலிலும் பொன்னி பிழைத்துக்கொள்ளும். காவேரியை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய அரசு ஆவணங்களில் ஒரு விதம், மக்கள் எழுதுவது ஒரு விதம், ஜோதிட எண் பார்த்து ஆகாரத்தை இரட்டிப்பது இன்னொரு விதம். சொர்ணத்துக்கும் அப்படித்தான். பொன்னியை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். நறுமுகையில் மட்டும், ககரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்று இன்றைக்கே ஒன்றை முடிவு செய்து, ஒரு தாளில் பெரிதாக எழுதி வீட்டில் ஒட்டிவிடுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கும் இரண்டு பெயர். பிறப்புச் சான்றிதழில் நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக அடித்துவிட்டார்கள். அன்றைக்கு மதிப்பெண்ணைத்தான் பார்த்தோம், பெயரைப் பார்க்கவில்லை. மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, இவரும் அவரும் ஒருவர்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, திருத்திய சான்றிதழ் என்று அலைந்து முடிப்பதற்குள் ஒரு சேர்க்கைப் பருவமே போய்விட்டது. ஒரு இடைவெளி, ஒரு எழுத்துகூட இல்லை. அன்று அவள் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்களுக்குக் காலம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; அதை ஆஸ்பத்திரியிலேயே செய்திருப்பார்கள், பெயர் இல்லாமல். பெயரைப் பதிய ஒரு வருடம்வரை கட்டணமே கிடையாது, அதற்கப்புறம் 15 வயதுவரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். எங்கே பிறந்தாளோ அங்கேதான் பதிவு. அம்மா வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்கள் இதில்தான் தவறு செய்வார்கள், இருக்கிற ஊரில் போய் அலைவார்கள். ஆனால் பதிந்தபின் பெயரை மாற்றுவது எழுத்துப் பிழை திருத்துவதுபோலச் சுலபம் இல்லை. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளி, கடவுச்சீட்டு எல்லாம் அதைப் பார்த்துத்தான். குழந்தைக்கு எடுக்கிற நீல ஆதாரும் அதே பெயரோடு இருக்க வேண்டும்.

அதனால் இன்னும் பத்து நாள் நறுமுகை பொன்னி என்று வீட்டில் எல்லோரும் கூப்பிட்டுப் பழகுங்கள். குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, கொஞ்சும்போது. உங்கள் அம்மா வாயில் அது எப்படி வருகிறது என்று கேளுங்கள், மனைவி சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். யார் வாயிலாவது தடுக்கினால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், வேறு பார்ப்போம். சரியாக இருந்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழுத்தமாக எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, இரண்டு பெயருக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக உங்கள் மனைவியை வாசிக்கச் சொல்லுங்கள்.